சரக்கைச் செய்யுமுன் சந்தையைப் பார்ப்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், தொழில் செய்யும் குழுக்களுக்காகக் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதின் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து நின்று கேட்டார். "சேமிக்கக் கத்துக் கொடுத்தீங்க. கணக்கு நோட்டு எழுதக் கத்துக் கொடுத்தீங்க. பேங்க் மேனேஜர்கிட்ட பேசக் கத்துக் கொடுத்தீங்க. செஞ்ச சாமானை விக்க மட்டும் யாரும் கத்துக் கொடுக்கலையே?" என்றார். கூட்டம் முழுக்கக் கை தட்டியது. நாங்கள் தட்டவில்லை. அந்தக் கேள்வி எங்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம்

சில வருடங்களுக்கு முன்பு மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் 15 பேர் கொண்ட ஒரு குழு இருந்தது. சுழல்நிதி கிடைத்து, வங்கிக் கடனும் கிடைத்திருந்த நேரம். "ஏதாச்சும் தொழில் செய்யணும் மேடம்" என்று கேட்டார்கள். நாங்களும் உடனே மூன்று நாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தோம். பினாயில், சோப்பு ஆயில் தயாரிக்கும் பயிற்சி. நல்ல பயிற்சிதான். சான்றிதழ் கொடுத்தோம், போட்டோ எடுத்தோம், அலுவலகத்துக்கு அறிக்கையும் எழுதி அனுப்பினோம்.

கடன் பணத்தில் 30,000 ரூபாய் போட்டு, மூலப்பொருளும் காலி பாட்டிலும் வாங்கி, 600 பாட்டில் பினாயில் செய்து ஒரு வீட்டுத் திண்ணையில் அடுக்கி வைத்தார்கள். ஊருக்குள் விற்றது 90 பாட்டில். அதோடு நின்றுபோனது. ஏன் என்று பிறகுதான் யோசித்தோம். அந்த ஊரில் பாதி வீடு சாணி தெளிக்கிற வாசலும் மண் தரையும். சிமெண்டுத் தரை உள்ள வீட்டிலும் ஒரு பாட்டில் வாங்கினால் ஆறு மாதம் வரும். பக்கத்து ஊர்க் குழுவுக்கும் நாங்களே அதே பயிற்சியைக் கொடுத்திருந்தோம். ஆக, ஒரே பஸ்ஸில் இரண்டு ஊர்ப் பெண்கள் ஒரே பினாயிலைத் தூக்கிக்கொண்டு ஒரே கடைக்காரரிடம் போய் நின்றார்கள்.

வெயிலில் கிடந்த பாட்டிலில் தண்ணீர் வேறு, மருந்து வேறு என்று பிரிந்து நின்றது. தவணை மட்டும் நாள் தவறாமல் வந்தது. களை எடுத்த கூலியிலும், நாற்று நட்ட கூலியிலும் கடனைக் கட்டினார்கள். ஒரு அக்கா காதுத் தோட்டை அடகு வைத்தார். "நீ சொல்லித்தானே செஞ்சோம்" என்று ஊக்குநரோடு சண்டை வந்தது. ஆறு பேர் குழுவை விட்டே விலகிப் போனார்கள்.

கடனைக் கடைசி ரூபாய் வரைக்கும் கட்டிவிட்டார்கள். அது அவர்கள் பெருமை. ஆனால் "இதை யார் வாங்குவா?" என்ற ஒரே ஒரு கேள்வியைப் பயிற்சிக்கு முன்னால் கேட்காமல் விட்டது யார்? சமூகப் பணி படித்துவிட்டு வந்த நாங்கள். அந்தக் கேள்விக்குத்தான் மார்க்கெட்டிங் என்று பெயர். தமிழில் சந்தைப்படுத்துதல்.

விற்பனை வேறு, சந்தைப்படுத்துதல் வேறு

செய்த சரக்கை அடுத்தவர் கையில் கொடுத்துக் காசு வாங்குவது விற்பனை. சந்தைப்படுத்துதல் அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. யாருக்கு என்ன தேவை, எம்புட்டு விலை கொடுப்பார்கள், எங்கே வந்து வாங்குவார்கள் என்று கேட்டு, அதற்கேற்ற மாதிரி பொருளைச் செய்வது. விற்ற பிறகும் "போன தடவை வாங்கினவங்க இந்தத் தடவையும் வாங்கினாங்களா?" என்று பார்ப்பது. இம்புட்டும் சேர்ந்ததுதான் மார்க்கெட்டிங்.

இது படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். தெருவில் கூடையில் கீரை கொண்டு வரும் பாட்டியை நினைத்துப் பாருங்கள். எந்த வீட்டில் முருங்கைக் கீரை கேட்பார்கள், எந்த வீட்டில் வெள்ளி, செவ்வாய் கீரை வாங்க மாட்டார்கள் என்று பாட்டிக்குத் தெரியும். புதிதாகக் குடிவந்த வீட்டில் கொஞ்சம் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டுவிட்டுப் போவார். மறுநாள் அந்த வீட்டம்மா பாட்டிக்காகக் காத்திருப்பார். பெரிய கம்பெனிகள் லட்சம் லட்சமாகச் செலவு செய்து செய்வதும் இதைத்தான்.

1960-ஆம் ஆண்டு ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதை நான்கு சொற்களில் அடக்கிச் சொன்னார். பொருள், விலை, இடம், விளம்பரம். உலகம் முழுக்க வியாபாரப் படிப்பில் இன்றைக்கும் இந்த நான்கையும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாமும் இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதே பினாயில் குழுவை வைத்தே பார்ப்போம். ஏனென்றால் மீதி இருந்த ஒன்பது பேரும் இரண்டு வருடம் கழித்து மறுபடியும் தொழில் தொடங்கினார்கள். இந்தத் தடவை முதலில் சரக்குச் செய்யவில்லை. முதலில் கேட்டார்கள்.

ஒன்று: பொருள்

ஒன்பது பேரும் ஆளுக்கு ஐந்து வீடு என்று பிரித்துக்கொண்டு 45 வீட்டில் கேட்டார்கள். ஊரில் நான்கு மளிகைக் கடையிலும், மதுரையில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியிலும் கேட்டார்கள். "என்ன வாங்குறீங்க? எங்க வாங்குறீங்க? அதுல என்ன குறை?" இந்த மூன்று கேள்விதான். இதற்குச் சந்தை ஆய்வு என்று பெயர். ஒரு நோட்டு, ஒரு பேனா, நாலு நாள் நடை. செலவு பஸ் காசு மட்டும்.

விடுதிப் பெண்கள் சொன்னார்கள்: "காலையில சட்னி அரைக்க நேரமில்லக்கா. நல்ல இட்லிப் பொடி கிடைச்சா போதும். கடையில வாங்குறது வீட்டு ருசி இல்ல." கடைக்காரர்கள் சொன்னார்கள்: "பெரிய பாக்கெட் நிக்குது. சின்னதா இருந்தா ஓடும்." இட்லிப் பொடி என்று அப்போதுதான் முடிவு செய்தார்கள். தீர்மான நோட்டிலும் எழுதினார்கள்.

நம் பொருளை எல்லாரும் வாங்க மாட்டார்கள். யார் வாங்குவார்களோ அவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பதற்கு இலக்கு வாடிக்கையாளர் என்று பெயர். கிராமத்து வீட்டில் பொடியை அவரவரே இடித்துக்கொள்வார்கள். அவர்களிடம் போய் விற்றால் விற்காது. விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் பெண்ணுக்குத்தான் அது தேவை.

முதல் தடவை 5 கிலோ மட்டும் செய்தார்கள். சின்னப் பொட்டலமாகக் கட்டி ருசி பார்க்கக் கொடுத்தார்கள். பாதிப் பேர் காரம் அதிகம் என்றார்கள். அடுத்த தடவை மிளகாயைக் குறைத்தார்கள். 600 பாட்டில் செய்துவிட்டுத் தெரிந்துகொண்ட பாடத்தை, இந்தத் தடவை 5 கிலோவில் தெரிந்துகொண்டார்கள்.

பொருளைப் பற்றிப் பேசும்போது லிஜ்ஜத் அப்பளத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி, மும்பையில் கிர்காவ் என்ற பகுதியில், ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். கையில் இருந்தது கடனாக வாங்கிய 80 ரூபாய். முதல் நாள் செய்தது நான்கு பாக்கெட். தெரிந்த ஒரு வியாபாரியிடம் விற்றார்கள். ஆரம்பத்தில் நல்ல அப்பளம் ஒன்று, விலை குறைந்த மட்டமான அப்பளம் ஒன்று என்று இரண்டு வகை செய்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் பாரேக் என்ற பெரியவர், தரத்தில் மட்டும் ஒருபோதும் இறங்காதீர்கள் என்று புத்தி சொன்னார். அன்றையிலிருந்து ஒரே தரம்தான். அந்த முதல் வருடத்து விற்பனை 6,196 ரூபாய். மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் வேலையே நின்றது. அடுத்த வருடம் கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்துக் காயவைத்தார்கள். இன்றைக்கு 40 ஆயிரம் பெண்களுக்கு மேல் அதில் உறுப்பினர்கள். தொடங்கிய ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? போன வாரம் வாங்கின ருசியே இந்த வாரமும் இருக்க வேண்டும். குழுவில் ஒன்பது பேர், ஒன்பது கைப்பக்குவம். ஒருத்தர் வறுத்தால் சிவக்கும், ஒருத்தர் வறுத்தால் கருகும். அதனால் அளவை எழுதி வையுங்கள். உளுந்து இத்தனை, எள்ளு இத்தனை, உப்பு இத்தனை என்று படி, கை என்று இல்லாமல் கிராம் கணக்கில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தராசு இல்லாமல் உணவுத் தொழில் வேண்டாம்.

இரண்டு: விலை

நம் பெண்கள் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். யாரும் நம்மை ஏமாற்றுவதில்லை. நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம்.

அந்தக் குழு முதலில் போட்ட கணக்கைப் பாருங்கள். 10 கிலோ பொடிக்கு உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய் வத்தல், எள்ளு, பெருங்காயம், உப்பு எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். அரைவைக் கூலி 120. கவரும் லேபிளும் 130. மொத்தம் 2,050 ரூபாய். 100 கிராம் பாக்கெட் 25 ரூபாய் என்று 100 பாக்கெட் விற்றார்கள். 2,500 ரூபாய் வந்தது. "450 ரூபா லாபம் மேடம்!" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள்.

நாங்கள் கேட்டோம்: "வறுத்தது யாரு, சலிச்சது யாரு, பாக்கெட் போட்டது யாரு?"

"நாங்க மூணு பேரு. ஒரு நாள் முழுக்க."

"அன்னிக்குக் களை எடுக்கப் போயிருந்தா?"

"ஆளுக்கு 300 கிடைச்சிருக்கும்."

"அது எங்கே எழுதியிருக்கு?"

யாரும் பேசவில்லை. ஒரு அக்கா மெதுவாகச் சொன்னார்: "நம்ம வேலைதானே, அதுக்கு என்ன காசுன்னு விட்டுட்டோம்."

மூன்று பேர் கூலி 900. கேஸ் 50. பஸ் செலவு 100. இதையும் சேர்த்தால் 10 கிலோவுக்கு ஆன செலவு 3,100 ரூபாய். அதாவது ஒரு பாக்கெட்டுக்கு 31 ரூபாய் அடக்க விலை. 31 ரூபாய்ச் சரக்கை 25 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். லாபம் 450 இல்லை. நஷ்டம் 600!

சகோதரிகளே, வீட்டில் நாம் செய்யும் வேலைக்குக் கூலி கிடையாது என்று பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தைத் தொழிலுக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறோம். லிஜ்ஜத்தில் மாவை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் அப்பளம் இட்டுக் கொண்டுவரும் ஒவ்வொரு பெண்ணுக்கும், இட்ட அளவுக்குக் கூலி உண்டு. லாபம் அதற்குப் பிறகுதான். நம் குழுவிலும் அப்படித்தான் எழுத வேண்டும். முதலில் கூலி, பிறகு லாபம்.

சரி, விலை எவ்வளவு வைப்பது? இரண்டு பக்கம் பார்க்க வேண்டும். கீழே அடக்க விலை. அதற்குக் கீழே போகக் கூடாது. மேலே கடையில் இருக்கும் மற்ற பாக்கெட்டின் விலை. அதை விட வெகுவாக ஏறக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நம் இடம். அந்தக் குழு பாக்கெட் மேல் 40 ரூபாய் என்று அச்சிட்டது. கடைக்காரருக்கு 34 ரூபாய்க்குக் கொடுத்தது. நடுவில் உள்ள 6 ரூபாய் கடைக்காரரின் பங்கு. "அவருக்கு எதுக்கு ஆறு ரூபா?" என்று கோபப்படாதீர்கள். வாடகையும் கரண்ட் பில்லும் கட்டி, நம் பொருளைக் கண்ணில் படும்படி வைப்பவர் அவர். லாபம் இல்லாத பொருளைப் பின்னால் தள்ளிவிடுவார்.

நமக்கு நிற்பது பாக்கெட்டுக்கு 3 ரூபாய். இன்னும் ஒரு செலவு இருக்கிறது. பொடி செய்தாலும் செய்யாவிட்டாலும் மாதம் பிறந்தால் கொடுக்க வேண்டியது. அறை வாடகை 1,000, கடன் வட்டி 500, மொத்தம் 1,500. இதற்கு நிலைச் செலவு என்று பெயர். 1,500-ஐ 3-ஆல் வகுத்தால் 500. மாதம் 500 பாக்கெட், அதாவது 50 கிலோ விற்றால்தான் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்ற நிலைக்கு வருவார்கள். இதைச் சமநிலைப் புள்ளி என்பார்கள். 501-ஆவது பாக்கெட்டிலிருந்துதான் லாபம். கடன் வாங்கும் முன்பே இந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள். "மாசம் 500 பாக்கெட் நம்மால விக்க முடியுமா?" என்று கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள். முடியாது என்று தோன்றினால் கடன் வேண்டாம். அப்படி வேண்டாம் என்று சொல்வதும் நல்ல தீர்மானம்தான்.

சின்னப் பாக்கெட்டின் பலம்

நம் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பவர், பணக்காரர் வாங்கும் பொருளைக் கூலிக்காரரும் வாங்க வேண்டும் என்று நினைத்தார். ஷாம்பு போன்றவற்றைச் சின்னச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறையில் அவர் ஒரு முன்னோடி. அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். தலையில் தேய்த்துக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஐந்து காலி பாக்கெட்டைக் கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்றார்கள். தினக்கூலி வாங்குபவர் கையில் பாட்டில் வாங்கக் காசு இருக்காது, ஒரு பாக்கெட் வாங்கக் காசு இருக்கும். இதைப் புரிந்துகொண்டதுதான் அவர்கள் வெற்றி.

நம் குழுவும் 10 ரூபாய்ப் பாக்கெட் போட்டது. கணக்குப்படி 40 ரூபாய்க்கு 100 கிராம் என்றால், 10 ரூபாய்க்கு 25 கிராம் வர வேண்டும். ஆனால் 20 கிராம்தான் போட்டார்கள். ஏன்? 100 கிராமுக்கு ஒரு கவர் போய், ஐந்து கவர், ஐந்து லேபிள், ஐந்து தடவை சீல் போடும் வேலை வந்துவிடுகிறதே! அதற்கும் செலவு உண்டு. பாக்கெட் மேல் 20 கிராம் என்று தெளிவாகப் போட்டுத்தான் விற்றார்கள். அளவில் ஒளிவு மறைவு கூடாது.

மூன்று: இடம்

பொருள் வாங்குகிறவர் கைக்கு எந்த வழியாகப் போகிறது என்பதுதான் இடம். நேரடியாக விற்கலாம், கடை மூலம் விற்கலாம், மொத்த வியாபாரியிடம் கொடுக்கலாம். நேரடி விற்பனையில் லாபம் அதிகம், அலைச்சலும் அதிகம். கடையில் லாபம் குறைவு, ஆனால் சரக்கு ஓடும்.

அந்தக் குழு இப்போது மாதம் 60 கிலோ செய்கிறது. முழுவதையும் கடைக்குக் கொடுத்தால் நிலைச் செலவு போக லாபம் 300 ரூபாய்தான். சிரிக்காதீர்கள். ஆறு நாள் வேலைக்கு மூன்று பேர் கூலி 5,400 ரூபாய் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. அதோடு 20 கிலோவை விடுதியிலும் அலுவலகங்களிலும் நேரடியாக 40 ரூபாய்க்கே விற்கிறார்கள். அதில் கூடுதலாக 1,200 ரூபாய். போக வர 200 ஆனாலும் 1,000 நிற்கிறது. ஆக மாதம் 1,300 ரூபாய் குழுவின் பெயரில் சேர்கிறது.

சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரையில் நடக்கும் பொருட்காட்சி, மகளிர் குழுக்களுக்கான கண்காட்சிகள், வாரச் சந்தைகள் எல்லாம் நல்ல இடங்கள். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 'மதி' என்ற பெயரில் குழுப் பொருட்களை விற்க வழி செய்கிறது. அதற்கு நம் கூட்டமைப்பு மூலமாகவே விண்ணப்பம் கொடுக்கலாம். ஆனால் கண்காட்சியை மட்டும் நம்பக் கூடாது. பத்து நாள் பந்தல் பிரித்த பிறகு பதினோராவது நாள் யார் வாங்குவார்? அதனால் கண்காட்சிக்குப் போனால், வாங்கியவர்களின் போன் நம்பரை அவர்கள் சம்மதத்தோடு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நேரமும் இடத்தோடு சேர்ந்ததுதான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகிற நம் சகோதரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறும். மறுநாளே இறங்கும். பூ வாடிவிடும் என்பதால் வைத்து விற்கவும் முடியாது. தேவை அதிகமாக, வரத்து குறைவாக இருந்தால் விலை ஏறும். தேவை குறைந்து வரத்து அதிகமானால் விலை இறங்கும். ஒரே ஊரில் மூன்று குழு ஒரே பொருளைச் செய்தால் மல்லிகை கதைதான். அதனால் குழுக்கள் கூட்டமைப்பில் பேசி, ஆளுக்கொரு பொருளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கடன் விற்பனை பற்றி ஒரு வார்த்தை. "வச்சுட்டுப் போங்க, வித்ததும் தர்றேன்" என்பார் கடைக்காரர். புதுச் சரக்குக்கு இது நடப்புதான். ஆனால் ஒரு தடவை கொடுத்த சரக்குக்குக் காசு வந்த பிறகுதான் அடுத்த தடவை சரக்கு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கடைக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போட்டு, கொடுத்ததும் வாங்கியதும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விற்ற காசு வெளியே நின்றால், அடுத்த உளுந்து வாங்க உள்கடன்தான் எடுக்க வேண்டிவரும்.

நான்கு: விளம்பரம்

விளம்பரம் என்றால் டி.வி.யும் போஸ்டரும் மட்டும் இல்லை. நமக்கு முதல் விளம்பரம் பெயர். பிராண்ட் என்று சொல்கிறார்களே, அது ஒரு பொருளின் பெயரைக் கேட்டதும் மனதில் வரும் நம்பிக்கை. மதுரை மல்லி என்றால் வாசனை நினைவுக்கு வருகிறது. மதுரைச் சுங்குடி என்றால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புள்ளிகள் நினைவுக்கு வருகின்றன. சுங்குடிக்கு 2005-இலும், மல்லிக்கு 2013-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது வேறு ஊரில் விளைந்ததையும் செய்ததையும் அந்தப் பெயரில் விற்கச் சட்டப்படி உரிமை இல்லை. ஒரு ஊரே சேர்ந்து காப்பாற்றிய நல்ல பெயருக்குக் கிடைத்த பாதுகாப்பு அது.

உங்கள் பொருளுக்கும் ஒரு பெயர் வையுங்கள். சொல்ல எளிதாக, ஒரே சொல்லாக இருக்கட்டும். அடிக்கடி மாற்றாதீர்கள். லிஜ்ஜத் என்றால் குஜராத்தியில் ருசி என்று பொருள்.

இரண்டாவது விளம்பரம் லேபிள். பொருளின் பெயர், என்னென்ன சேர்ந்திருக்கிறது, எடை, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், தயாரித்தவர் முகவரி, போன் நம்பர், சைவப் பொருள் என்றால் பச்சைப் புள்ளி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011-இல் நடைமுறைக்கு வந்தது. உணவு செய்து விற்கும் குழுவும் பதிவு செய்ய வேண்டும். சிறு தயாரிப்பாளர்களுக்குப் பதிவு முறை எளிது. இணையத்தில் விண்ணப்பிக்க நாங்கள் உதவுகிறோம். பதிவு எண் இல்லாத பாக்கெட்டை நல்ல கடைக்காரர் எவரும் வாங்கி வைக்க மாட்டார்.

மூன்றாவது விளம்பரம் வாய்வார்த்தை. காசு செலவில்லாதது. ஆனால் இரண்டு பக்கமும் வெட்டும். நல்லதைப் பத்துப் பேரிடம் சொல்லாவிட்டாலும், பொடியில் ஒரு முடி இருந்தால் பத்துப் பேரிடம் சொல்வார்கள். புகார் வந்தால் வாதாடாதீர்கள். "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லி வேறு பாக்கெட் கொடுங்கள். புகார் சொல்கிறவர் நம்மிடம் இன்னும் வாங்க நினைக்கிறவர். பிடிக்காதவர் சொல்லாமலே வேறு கடைக்குப் போய்விடுவார்.

போனில் வாட்ஸ்அப் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு மாதம் ஒரு தடவை, "புதுசா அரைச்சிருக்கோம்" என்று ஒரு செய்தியும் ஒரு படமும் போதும். தினமும் அனுப்பினால் தொல்லை என்று நினைப்பார்கள். புதிதாக ஒருவரைப் பிடிப்பதை விட, இருக்கிற வாடிக்கையைக் காப்பாற்றுவது சுலபம்.

வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய கேள்விகள்

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, தொழில் செய்யும் குழுக்களும், தொழில் செய்ய நினைக்கும் குழுக்களும் இந்த ஐந்து கேள்விக்குப் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

1. நம் பொருளை வாங்கப் போவது யார்? அவர்களில் இருபது பேரிடமாவது நேரில் கேட்டோமா?
2. நம் கூலியையும் சேர்த்து ஒரு பொருளின் அடக்க விலை என்ன?
3. மாதம் எத்தனை விற்றால் நஷ்டமில்லை?
4. எங்கே, யார் மூலம் விற்கப் போகிறோம்? காசு எத்தனை நாளில் வரும்?
5. கடையில் இருக்கும் மற்றப் பொருளை விட்டுவிட்டு நம்முடையதை ஏன் வாங்க வேண்டும்?

ஐந்தாவது கேள்விக்கு "நாங்க மகளிர் குழு" என்று மட்டும் எழுதாதீர்கள். பாவம் பார்த்து ஒரு தடவை வாங்குவார்கள். இரண்டாவது தடவை ருசி பார்த்துத்தான் வாங்குவார்கள்.

நாங்களும் ஒரு உறுதி கொடுக்கிறோம். இனி எந்த ஊரிலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வராமல் தொழில் பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய மாட்டோம். சான்றிதழும் போட்டோவும் எங்கள் அறிக்கைக்கு உதவும். தவணை கட்டுவது நீங்கள்தான்.

காதுத் தோட்டை அடகு வைத்தார் என்று சொன்னோமே, அந்த அக்கா இன்றைக்கும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். கடைக் கணக்கு நோட்டு அவர் கையில்தான். போன மாதம் ஒரு புதுக் கடைக்காரர் நூறு பாக்கெட் கடனாகக் கேட்டபோது, "முதல்ல இருபது எடுத்துக்கோங்கண்ணே, வித்துட்டுச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினாராம். எங்கள் மூன்று நாள் பயிற்சியில் இதை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. தோட்டை அடகு வைத்து அவர் கற்ற பாடம். உங்களில் யாரும் அந்த விலை கொடுத்துக் கற்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னோம்.

தோடு திரும்பி வந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். வந்துவிட்டது. அந்த அக்கா இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.